மாமியார் போட்ட தாழ்ப்பாள்

முதலில் அந்த ஜன்னலைத் திறந்துவிட்டதற்கு நன்றி, மேடம். மூடிய அறை எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்ளாது. இனி நிம்மதியாகப் பேசலாம். நான் சிரிப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேற்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவே மாட்டேன் என்கிறது. முப்பது வருஷ உழைப்பு பலித்தவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

மிருகங்களுக்குத் தன்னுணர்வு உண்டா என்று பார்ப்பது என் வேலை. பசிக்கும், வலிக்கும், அதில் தகராறு இல்லை. ஆனால் 'இதை நான்தான் செய்கிறேன், நினைத்தால் செய்யாமலும் இருக்கலாம்' என்ற நினைப்பு அதற்கு ஓடுமா? வாலிப வயதில் நண்டில் ஆரம்பித்தேன். பிறகு காக்கை. ஒரு காக்கை என் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, வழுக்கை விழுந்த பிறகும் தேடி வந்து கொத்தியது. அப்படிக் கொத்துப்பட்டு, கடித்துக் குதறப்பட்டு, கடைசியில் மாமியாரிடம் வந்து சேர்ந்தேன்.

மாமியார் எங்கள் ஆய்வுக்கூடத்துச் சிம்பன்சி. கூண்டு கழுவுகிறவர் வைத்த பெயர் அது. அவர் தரையைத் துடைத்து முடித்ததும் இவள் விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளிப்பாள். "வீட்லயும் மாமியார், இங்கயும் மாமியாரா?" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

அவளை வைத்துத்தான் தாழ்ப்பாள் சோதனையைச் செய்தேன். ஒரு கதவுக்குப் பின்னால் அவளைச் சீண்டியவர், இன்னொன்றுக்குப் பின்னால் அன்பாக இருந்தவர். சீண்டியவர் கதவை மட்டும் தேடிப்போய்த் தாழ்போடுவாள். போட்டதும் உள்ளங்கையை நீட்டுவாள், ஒரு திராட்சை வைப்பேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. நியாயம் பார்க்கத் தெரிந்த குரங்கு என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினேன். பெரிய பெரிய அறிஞர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அடேயப்பா, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது என் மைத்துனன் விஷயத்துக்கு வருகிறேன். மனைவியின் ஒரே தம்பி. நான்தான் படிக்கவைத்து, நான்தான் கூட வேலைக்குச் சேர்த்தேன். தங்கமான பையன். போன வாரம் என்னை வெளியே நிறுத்திவிட்டு அதே சோதனையை அவன் செய்து பார்த்திருக்கிறான். மாமியார் நடுவில் நின்று திருதிருவென்று விழித்தாளாம். எந்தக் கதவையும் தொடவில்லையாம்.

"அத்தான், கோவிச்சுக்காதீங்க. அது கதவப் பாக்கல, உங்க மூஞ்சியப் பாக்குது. சரியான கதவுகிட்ட போனதும் உங்க இடது புருவம் மேல ஏறுது. உங்களுக்கே தெரியல. திராட்சைக்கு ஆடுது அத்தான், அவ்வளவுதான். திங்கக்கிழமை கமிட்டியில நீங்களே சொல்லிட்டா கௌரவமா இருக்கும். இல்லாட்டி நான் சொல்ல வேண்டியிருக்கும்."

'அது' என்றான் பாருங்கள். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. திங்கட்கிழமை விடிந்தால் நானும் இல்லை, மாமியாரும் இல்லை. என்னை வீட்டுக்கும் அவளை ஏதோ ஒரு கூண்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். ஆனால் ராத்திரி யோசித்தபோது அவன் சொன்னதிலும் ஒரு நியாயம் தெரிந்தது. பரீட்சை சின்னதாகப் போய்விட்டது. மனசாட்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், மனசாட்சி உறுத்துகிற மாதிரி ஒரு காரியம் வேண்டாமா?

நேற்று மத்தியானம் மற்றவர்கள் கிளம்பிய பிறகு அவனைக் கூப்பிட்டேன். "மாப்ளே, குளிர் அறையிலேர்ந்து திராட்சைக் கூடைய எடுத்துட்டு வாயேன்" என்றேன். உறைந்த திராட்சை என்றால் மாமியாருக்கு உயிர். போனில் ஈரம் படும், மேசையில் வைத்துவிட்டுப் போ என்றேன். உள்ளிருந்து திறக்கிற பிடியைக் காலையிலேயே கழற்றி வைத்திருந்தேன். சோதனை பாதியில் கெடக்கூடாது இல்லையா? அவன் உள்ளே போனான். மாமியார் என் பக்கத்தில்தான் நின்றாள். என்னைப் பார்த்தாள். நிதானமாகப் போனாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

முதலில் அவன் சிரித்தான். "மாமியாரே, விளையாட்டு போதும், கதவத் திறங்க." கொஞ்ச நேரம் கழித்து, "அத்தான், நீங்க வெளியதானே இருக்கீங்க? திறங்க அத்தான்." பிறகு அக்காவைக் கூப்பிட்டான். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் சோதனை என்ன ஆகும்? அவள் தானாகத் திறப்பாளா, அதுதானே கேள்வி. மாமியார் கதவில் காதை வைத்தாள். முனகினாள். தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு திரும்பி என் முகத்தையே பார்த்தாள், மேடம், வெகுநேரம் பார்த்தாள். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். அவள் கையை எடுத்துவிட்டாள். அவளே முடிவு செய்தாள். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல் இருந்தது. உள்ளே அவன் கதவைத் தட்டும் சத்தம் மெல்ல மெல்ல நின்றுபோயிற்று.

அதனால்தான் சொல்கிறேன், வழக்கை அவள் பெயரில் எழுதுங்கள். எழுதுகிற தம்பி சிரிக்க வேண்டாம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற கதை இங்கே வேண்டாம். தாழ்ப்பாளில் என் கை படவே இல்லை. குற்றவாளி நான் என்று எழுதினால், அவளுக்குப் புத்தி இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். அந்தப் பாவத்தை மட்டும் செய்யாதீர்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே என் மனைவி, தம்பி போன துக்கத்தில் இப்போது அழுகிறாள். நல்ல சேதியை நிதானமாகச் சொன்னால் அவளும் புரிந்துகொள்வாள்.

ஏன் என் புருவத்தையே பார்க்கிறீர்கள்?

என் மைத்துனனுக்கும் கடைசியில் பதில் கிடைத்துவிட்டது. எல்லாம் அடங்கிய பிறகு மாமியார் என்னிடம் வந்து உள்ளங்கையை நீட்டினாள். திராட்சைக்கு இல்லை. திராட்சை அத்தனையும் அவனோடு உள்ளே இருந்தது. என்னோடு கைகுலுக்கத்தான் நீட்டினாள். நானும் குலுக்கினேன். அதற்குப் பிறகும் அவள் என் கையை விடவில்லை, மேடம். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடுக்கெல்லாம் தடவி, புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு பாசம்.