மூடிக்குள்ள மஞ்சப் பொட்டு

கங்கையா: இரும்மா, இரு... நகரியிலேந்து இந்தக் கம்ப்யூட்டரு பொட்டிய மடியில வச்சிக்கினா பஸ்ஸுல வந்தே?

பிரமிளா: பின்ன? கண்டக்டரு லக்கேஜுன்னு மேல போடச் சொன்னாரு. கொயந்த மாதிரி கட்டிப் புடிச்சிக்கினு வந்தேண்ணா.

கங்கையா: புத்தூர்ல கடை கீது, திருப்பதில தெருவுக்குத் தெரு கீது. அத்தெல்லாம் உட்டுட்டு சித்தூரு வரைக்கும் ஏம்மா?

பிரமிளா: சும்மாதான். நல்லா செய்வீங்கன்னு சொன்னாங்க.

கங்கையா: யாரு சொன்னது?

பிரமிளா: சொன்னாங்கண்ணா... மொதல்ல தொறங்களேன்.

கங்கையா: தொறக்கறேன், தொறக்கறேன். டேபிள் மேல உன் ஃபோன எடு, ஸ்க்ரூ வைக்கணும்.

பிரமிளா: அது அங்கயே இருக்கட்டும்ணா. ஸ்க்ரூவ இப்படி வைங்க.

கங்கையா: சரே... இன்னா கம்ப்ளெயிண்ட்டு?

பிரமிளா: புதுசா கிராபிக்ஸ் கார்டு போட்டோம், கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு. ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு. மூணாம் நாளு 'பட்'டுன்னு ஒரு சத்தம், ஒரே பொகை. கார்டு பொழச்சிக்கிச்சு, வேற மிஷின்ல போட்டுப் பார்த்தாச்சு. இதுக்குச் சரியான எஸ்.எம்.பி.எஸ். வேணும்.

கங்கையா: அவ்ளோதானா? பவர் சப்ளைய மாத்தினா போச்சு. இரு, மூடியக் கழட்டறேன்... ...

பிரமிளா: இன்னாண்ணா, அப்டியே நின்னுட்டீங்க?

கங்கையா: ஒண்ணியும் இல்ல. தூசி.

பிரமிளா: மூடிக்கு உள்பக்கம் மஞ்சப் பொட்டு கீது பாத்தீங்களா? உள்ள யாராச்சும் பொட்டு வைப்பாங்களா?

கங்கையா: யாரோ... பக்தி ஜாஸ்தி போல. அத்த உடு. தோ பாரு, இங்கதான் தப்பு. கார்டுக்குத் தனியா எட்டு பின்னு வயரு வேணும். இதுல அந்த வயரே இல்ல. கன்வர்ட்டரு போட்டு இஸ்து மாட்டிகீறாங்க. யாரு மாட்டுனது?

பிரமிளா: எங்க வூட்டுக்காரரு.

கங்கையா: அப்ப அவரு மேலதான் தப்பு. தெரியாத வேலையில கைய வச்சா இப்டித்தான்.

பிரமிளா: அப்டியா... அவரு மேலதானா?

கங்கையா: பின்ன?

பிரமிளா: கார்டு டப்பா மேல ஐந்நூத்தி ஐம்பது வாட்ஸ் வேணும்னு போட்டிருந்துச்சு. இது மேலயும் ஐந்நூத்தி ஐம்பதுதான் போட்டுகீது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சி எனுக்கும் காட்டிட்டுதான் மாட்டினாரு.

கங்கையா: ...டீ சொல்லட்டா?

பிரமிளா: வேணாம்ணா. பெரிய எழுத்துக்குக் கீழ பொடியா ஒரு கட்டம் கீது. அத்தப் படிச்சி சொல்லுங்க.

கங்கையா: அதெல்லாம் உனுக்கு எதுக்கும்மா?

பிரமிளா: படிங்கண்ணா. கொஞ்சம் சத்தமா. எனுக்கு ஒரு காது மந்தம்.

கங்கையா: இவ்ளோ நேரம் நல்லாத்தான கேட்டுக்கினு இருந்தே?

பிரமிளா: அது நல்ல காது. இப்ப இந்தப் பக்கம் திரும்பிட்டேன்ல.

கங்கையா: வாயாடி... பன்னெண்டு வோல்ட்டு, பதினெட்டு ஆம்ப்.

பிரமிளா: பன்னெண்டு பதினெட்டு எவ்ளோ?

கங்கையா: இருநூத்தி... பதினாறு வாட்ஸு.

பிரமிளா: கார்டு எவ்ளோ துன்னும்?

கங்கையா: அது நூத்தி எழுவது. பிராசசரு வேற நூறு கிட்ட துன்னும்.

பிரமிளா: அப்ப இருநூத்தி எழுவது வேணும், கீறது இருநூத்தி பதினாறு. மேல மட்டும் ஐந்நூத்தி ஐம்பது. இல்லீங்களா?

கங்கையா: நீ எந்தக் காலேஜும்மா?

பிரமிளா: டெய்லரிங். அளவெடுக்கத் தெரியும்.

கங்கையா: ...பொகை வந்ததுல வேற எதுனா போச்சா?

பிரமிளா: ஹார்ட் டிஸ்க் போச்சு. சத்தியவேட்டு கல்யாணம் ஒண்ணு. தாலி கட்டினது அதுலதான் இருந்துச்சு. பொண்ணோட நைனா வந்து வாசல்ல நின்னுக்கினு, 'வேல தெரியாதவனுக்கு எதுக்குடா ஸ்டூடியோ'ன்னு தெருவே கேக்கறாப்ல கத்திட்டுப் போனாரு. அன்னிக்கே இவரு கேமராவத் தம்பிகிட்ட குடுத்துட்டாரு. நாலு மாசமா ஸ்க்ரூ டிரைவரத் தொடறதில்ல. மாங்கூழு பேக்டரில லாரிக்கு டின் ஏத்திக்கினு கீறாரு.

கங்கையா: அட ராமா...

பிரமிளா: ஏத்தட்டும், வேலையில கேவலம் இன்னா கீது? ஆனா ராத்திரில கையையே பாத்துக்கினு உக்காந்திருக்காருண்ணா. அத்தான் என்னால தாங்க முடியல.

கங்கையா: பேரு இன்னா அவரு பேரு?

பிரமிளா: ஹேமநாத்.

கங்கையா: ஹேமநாத்து... ஒல்லியா, காதுல கடுக்கன் போட்டுக்கினு... ஆறு வருசம் இருக்குமா?

பிரமிளா: ஏழு.

கங்கையா: ...இந்தப் பொட்டு நான் வச்சதும்மா.

பிரமிளா: சத்தமா சொல்லுங்கண்ணா.

கங்கையா: நான் வச்சது! போதுமா? என் கடையிலேந்து போற மிஷினு எதுவானாலும் மூடறதுக்கு முன்ன உள்ள ஒரு மஞ்சப் பொட்டு வைப்பேன். அப்ப கேபினட்டு டப்பா வாங்கினா எஸ்.எம்.பி.எஸ். சும்மாவே வரும். மேல இன்னா நம்பரு வேணா ஒட்டிக்கினு வரும். டைப் அடிக்கறதுக்கும் பில்லு போடறதுக்கும் அது போதும், அதான் நாங்கள்லாம் போட்டோம். தெரிஞ்சேதான் போட்டோம். உன் வூட்டுக்காரரு கேட்டாரு, 'நாளைக்கி பெரிய கார்டு போட்டா தாங்குமாண்ணா'ன்னு. நான்தான், 'ஐந்நூத்தி ஐம்பதுன்னு கண்ணெதிர போட்டுகீதே, எத்த வேணா மாட்டு'ன்னேன்.

பிரமிளா: அப்ப அவரு செஞ்சது?

கங்கையா: சரிதான். படிச்சித்தான மாட்டிகீறாரு. கன்வர்ட்டரு ஒண்ணும் எரியல பாரு, உள்ள எரிஞ்சது நான் குடுத்தது. பொட்டப் பாத்ததுமே புரிஞ்சிபோச்சு. தெரிஞ்சிக்கினே பழிய அவரு மேல போட்டேன். தப்பும்மா. உன் மூஞ்சியப் பாக்கவே கூச்சமா கீது.

பிரமிளா: பொட்டு உங்களுதுன்னு எனுக்கு முன்னயே தெரியும்ணா. பஸ் ஸ்டாண்டுல எறங்கி மூணு கடையில மூடியக் கழட்டி பொட்டக் காட்டிக் கேட்டேன். மூணு பேரும் கங்கையான்னுதான் சொன்னாங்க.

கங்கையா: அடிப் பாவி! அப்புறம் எதுக்கு என்ன இவ்ளோ நேரம் நோண்டினே?

பிரமிளா: நான் சொன்னா, 'பொண்டாட்டி ஆறுதலுக்குச் சொல்றா'ன்னுவாரு. உங்க வாயால வரணும்.

கங்கையா: அப்ப அவர இட்டுக்கினு வா. என் கடைக்கு நடுவுல நின்னு சொல்றேன். அந்த சத்தியவேட்டுக்காரர் கிட்டயும் வந்து சொல்றேன்.

பிரமிளா: கூப்ட்டேன், வர மாட்டேன்னுட்டாரு. 'வர வேணாம், வாயத் தொறக்காம கேளுங்க, போதும்'னு சொல்லிட்டு வந்தேன். அந்த ஃபோனக் கொஞ்சம் திருப்பிப் போடுங்க.

கங்கையா: இது... கால் ஓடிக்கினு கீது! இருவத்திரெண்டு நிமிசமா!... ஹேமநாத்து? இருக்கிறியாப்பா? ...எல்லாத்தையும் கேட்டியா? ...நல்லதா ஒண்ணு, என் கையாலயே மாட்டிக் குடுத்து அனுப்பறேன்பா.

ஹேமநாத்: ...கார்டுக்குத் தனி வயரு வர்ற எஸ்.எம்.பி.எஸ்.தானண்ணா? அறுநூத்தி ஐம்பது போதும். நீங்க மாட்டாதீங்க. மூடியத் தொறந்தே வைங்க... அடுத்த பஸ்ஸுக்கு வர்றேன், நானே மாட்டிக்கறேன்.