இடது காலுக்கு வேலையில்லை

— ஐயோ, பைலட்டம்மா! இன்னும் ஒரு விரக்கடை போயிருந்தா என் மூக்கு கண்ணாடில அச்சாகியிருக்கும்.

— நான் ஒண்ணும் பண்ணலீங்க. கியர் மாத்தலாம்னு கிளட்ச்ச மிதிச்சேன். அவ்வளவுதான்.

— மேடம், அதாவது, இதுல கிளட்ச்சே கிடையாது. நீங்க மிதிச்சது பிரேக். அதான் வண்டி அப்படியே குத்திட்டு நின்னுடுச்சு.

— பத்தொன்பது வருஷமா அந்த எடத்துல கிளட்ச் இருந்துதும்மா.

— பரவாயில்ல மேடம். கியர் வண்டி ஓட்டினவங்க எல்லாருமே மொத தடவ இதத்தான் பண்ணுவாங்க. பின்சீட்டுல உக்காந்து உக்காந்து என் கழுத்துக்கும் பழகிடுச்சு. அதாவது, ஹைபிரிட்ல இடது காலுக்கு வேலையே இல்ல. மடிச்சு ஓரமா வச்சுக்குங்க.

— கேட்டியா? ஒரு கால வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. நாளைக்கு வலது கால். நாளான்னிக்கு ஆளையே அனுப்பிடுவாங்க.

— சும்மா இருங்க, ரோட்டப் பாக்க விடுங்க. ஏம்மா, இப்ப வண்டி ஓடுதா, அணைஞ்சு போச்சா? மூச்சு பேச்சே காணோம்.

— ஓடுது மேடம். இந்தப் பச்சை விளக்கு எரிஞ்சா தயார்னு அர்த்தம். மெதுவாப் போறப்போ பேட்டரிலேயே போயிடும். வேகம் எடுத்தா எஞ்சின் தானா வந்து சேந்துக்கும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்.

— அதான் எனக்குப் பயமே. ஒண்ணும் செய்யாம இவ இருந்து நான் பாத்ததில்ல.

— சார் வண்டி ஓட்டறதில்லையா மேடம்?

— அவரா? பக்கத்துல உக்காந்து போர்டு படிப்பார். அச்சகத்துல பிழை திருத்தற வேலை. வழியில எந்தக் கடையில ஒத்தெழுத்து விட்டுப்போனாலும் எனக்கு உடனே தெரிஞ்சாகணும்.

— நீ வழியப் பாரு, நான் எழுத்தப் பாக்கறேன்னு அப்பவே பாகம் பிரிச்சுக்கிட்டோம். இவ நர்சு. வீடு வீடாப் போய்க் கட்டு மாத்தி, ஊசி போட்டு, ஒரு நாளைக்கு எட்டு வீடு. அதனால வண்டி இவ கைக்குப் போச்சு. நானும் கத்துக்கத்தான் போனேன், மூணு மாசம்.

— மூணு வாரம்.

— சரி, மூணு வாரம். கிளட்ச்ச விட்டா ஆக்சிலேட்டர் மறந்துடும். அத ஞாபகம் வச்சா இது மறந்துடும். வண்டி தவளை மாதிரி தத்தும். சொல்லிக்குடுத்தவர் கடைசி நாள் என் கையப் புடிச்சுக்கிட்டு, "சார், பஸ்ஸுதான் எப்பவும் நல்லது"ன்னார்.

— சிரிக்கக் கூடாதுன்னு பாக்கறேன் சார். இப்ப வச்சிருக்கற வண்டிக்கு என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகல. உங்க ஷோரூம் வாசல்ல நிக்குதே சிவப்பா, அதான். செவப்பின்னு பேரு. நல்லா கல்லுக்குண்டா இருக்கு. அத எதுக்கு மாத்தணும்னுதான் எனக்குப் புரியல. நீங்களே கேட்டுச் சொல்லுங்கம்மா. ஞாயித்துக்கிழமை காலைல, பால் வாங்கற சாக்குல, மலை அடிவாரம் வரைக்கும் போவா. ஒன்பது வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால கியர மூணுலேந்து ரெண்டுக்கு இறக்குவா. அப்ப அந்த எஞ்சின் ஒரு குரல் குடுக்கும் பாருங்க. இவ முகத்துல ஒரு சிரிப்பு வரும். நான் இத்தன வருஷத்துல அந்தச் சிரிப்ப வரவழைச்சதில்ல.

— மானத்த வாங்காதீங்க.

— வீட்டுக்கு வந்து பாத்தா பால் இருக்காது.

— அதாவது மேடம், நீங்க ரசிச்சு ஓட்டறவங்க. இது உங்களுக்குக் கொஞ்சம் வேற மாதிரித்தான் இருக்கும். நான் பொய் சொல்ல மாட்டேன்.

— வேற மாதிரிதாம்மா இருக்கு. செவப்பி என்னைக் கேட்டுத்தான் எதையும் செய்யும். தப்பு பண்ணினா உதறும். இது நான் தப்பு பண்ணினாலும் மன்னிச்சுடுது.

— நல்லதுதானே மேடம்?

— நல்லதுதான். நல்லா ஓட்டினாலும் கண்டுக்காது, அவ்வளவுதான்.

— பாத்தீங்களா, அவ வாயாலயே வந்துடுச்சு. வண்டிய ஓரமா நிறுத்திட்டு எனக்குப் பதில் சொல்லு. ஏன் மாத்தறே?

— எத்தன தடவ சொல்றது? பெட்ரோல் குடிக்குது.

— பொறந்ததுலேந்து குடிக்குது.

— புகைங்க. நான் போற வீட்டுல பாதிப் பேருக்கு மூச்சுத் திணறல். வாசல்ல புகைய விட்டுட்டு, உள்ள போய் மருந்து குடுக்கறேன். எனக்கே வெக்கமா இருக்கு.

— இது நல்ல காரணம். ஆனா உன் காரணம் இல்ல. போன வாரம் பேப்பர்ல வந்துது. நாந்தான் உனக்கு வாசிச்சுக் காமிச்சேன்.

— சார், அது நிஜந்தான். அதாவது, சிக்னல்ல நின்னா எஞ்சின் தானா அணைஞ்சுடும். பிரேக் போடறப்போ பேட்டரி ஏறும். வீட்டுல ஒயர் மாட்டி சார்ஜ் போடற வேலையும் கிடையாது. இந்தத் திரையில அம்புக்குறி வருது பாருங்க, சக்கரத்துலேந்து பேட்டரிக்கு. இப்ப மேடம் நிறுத்தினாங்கல்ல, அதுகூட உள்ள போய்ச் சேந்தாச்சு.

— பாருங்க, நிக்கறதுகூட வீணாப் போகல.

— நான் உன்னைக் கேட்டா அவங்க பதில் சொல்றாங்க.

— கால் வலிக்குதுங்க. நெரிசல்ல கிளட்ச்ச மிதிச்சு மிதிச்சு. போதுமா?

— போதாது. போன வருஷம் கட்டி எடுத்த ஆபரேஷன் ஆகி நாலாவது வாரம், தையல் காயறதுக்கு முன்னாலயே, நான் மத்தியானம் கண் அசந்த நேரத்துல சாவிய எடுத்துட்டுப் போய் செவப்பிய ஒரு சுத்து சுத்திட்டு வந்தவ நீ. அன்னிக்கு வலிக்கலியா?

— அன்னிக்கு எல்லாம் சரியாயிடுச்சுன்னு ஒரு சந்தோஷம். வலி தெரியல.

— இப்ப?

— இப்ப வயசாகுது. தள்ளுங்க, கியர் போடணும்.

— கியர் இல்ல மேடம்.

— ஆமால்ல.

— அம்மா, இது என்ன சத்தம்? தையல் மிஷின முதுகுல கட்டிக்கிட்டுப் போற மாதிரி.

— அதாவது சார், இதுல வேகம் படிப்படியா ஏறாது. ஒரே இழுவையா இழுக்கும். அழுத்தி மிதிச்சா அப்படித்தான் கத்தும். மெதுவா மிதிச்சா ஒரு வார்த்தை பேசாது.

— உண்மையச் சொல்லு பைலட்டு. இதுல உனக்கு என்ன சந்தோஷம்?

— ஒண்ணுமில்ல.

— பின்ன?

— சந்தோஷத்துக்கு வாங்கலீங்க. ஏம்மா, கடைக்குப் பின்னாடி வண்டியெல்லாம் கழுவற எடம் பெருசா இருந்துதே, இப்ப காலியா இருக்குமா?

— இருக்கும் மேடம். புது வண்டி இறங்கற நாள்லதான் நெரிசல். இன்னிக்கு ஒண்ணும் இல்ல.

— அங்க திருப்பறேன். இவர் ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டும்.

— எவரு?

— நீங்கதான்.

— எனக்கு எதுக்கு? நீ இருக்கியே.

— நம்ம தெருவுக்கு வந்துக்கிட்டிருந்த பஸ்ஸ நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு. ஒரு மாத்திரை வாங்கணும்னாக்கூட எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க.

— சந்தோஷமாத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். லைசென்ஸ் இல்லாதவன உக்கார வச்சா இந்தம்மாவுக்கு வேலை போயிடும்.

— காம்பவுண்டுக்குள்ளதான சார். மேடம் பக்கத்துல இருக்காங்க, நானும் இருக்கேன். மெதுவா ஒரு வட்டம். அதாவது, சுவர விட்டுத் தள்ளியே போகணும்.

— சுவருக்குத்தான் நீங்க புத்தி சொல்லணும்.

— எங்க போறீங்க? கதவு இந்தப் பக்கம்.

— பழக்கம் போகல. அந்த மூணு வாரத்துக்கு அப்புறம் இந்தப் பக்கக் கதவ நான் தொட்டதே இல்லியே.

— சீட்டப் பின்னாடி தள்ளுங்க. இன்னும். முழங்கால் கொஞ்சம் மடங்கி இருக்கணும். இப்ப கண்ணாடியப் பாருங்க. பின்னாடி என்ன தெரியுது?

— ஒரு போர்டு. 'வாகணம் கழுவும் இடம்.' மூணுசுழி போட்டுட்டாங்க. கண்ணாடில எழுத்தெல்லாம் திரும்பித் தெரியுது, அப்பவும் தப்பு பளிச்சுன்னு தெரியுது.

— எழுத்த விடுங்க. ஆள் யாரும் வராங்களா?

— இல்ல.

— அத மொதல்ல பாருங்க, சரியா? இடது கால மடிச்சுக்குங்க. வலது கால் பிரேக்ல. இந்தப் பிடிய ஒரு தட்டு கீழ இழுங்க. இப்ப கால மெல்ல எடுங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க.

— போகுது!

— போகும்.

— நான் ஒண்ணுமே பண்ணலடி, அதுவாப் போகுது!

— போகட்டும். திருப்புங்க. சுவரப் பாக்காதீங்க. போக வேண்டிய எடத்தப் பாருங்க. கண்ணு எங்க போகுதோ வண்டியும் அங்கதான் போகும்.

— பயமா இருக்கு.

— இருக்கட்டும். எனக்கும் மொதல்ல பயமாத்தான் இருந்துது.

— உனக்கா?

— நீங்க போர்டு படிச்சுக்கிட்டு இருந்தீங்க, பாக்கல. இப்ப நிறுத்துங்க. வலது கால். மெல்ல, மெல்ல. அவ்வளவுதான்.

— அட. மூக்கு இருக்கு.

— சார், விக்கறதுக்காகச் சொல்லல. நல்லா நிறுத்தினீங்க. அதாவது, கியர் வண்டி பழகாதவங்களுக்கு இது சீக்கிரம் வந்துடும். மறக்க வேண்டியது ஒண்ணும் இல்லியே. மேடத்துக்குத்தான் கால் சொன்ன பேச்சு கேக்காது.

— கேட்டுக்குங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க.

— ஆக, தவளை மாதிரி தத்தினது என் தப்பு இல்ல, வண்டி தப்பு. இத்தன வருஷம் கழிச்சு எனக்கு நியாயம் கெடைச்சிருக்கு. இன்னொரு வட்டம் போகட்டுமா?

— போங்க. நாலு வட்டம் போங்க.

— செவப்பிய யாருக்குக் குடுக்கறதா இருக்கே?

— என்கூட வேலை பாக்கற பொண்ணு கேக்கறா. கியர்தான் வேணும்னு அடம் புடிக்கறா. அவ ஓட்டறத ஒரு நாள் பின்னாடி உக்காந்து பாத்தேன். மூணுலேந்து ரெண்டுக்கு அழகா இறக்கறா.

— அதுக்குள்ள பரீட்சை வச்சுப் பாத்தாச்சா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

— ரோட்டப் பாருங்க.

— ரோடு எங்க இருக்கு? காம்பவுண்டு.

— காம்பவுண்டப் பாருங்க. சரி, போதும், நிறுத்துங்க. ஏம்மா, எழுதிக்குங்க. எப்பக் கெடைக்கும்?

— அதாவது மேடம், ஹைபிரிட்டுக்குக் கொஞ்சம் காத்திருக்கணும். வெள்ளை, நீலம், சாம்பல் எல்லாமே நாலு மாசம். சிவப்புன்னா அஞ்சு.

— இப்பக் கையில இருக்கறது?

— ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஒருத்தர் பதிவு பண்ணிட்டு, நிறத்த நேர்ல பாத்ததும் வேணாம்னுட்டார். மூலையில உறை போட்டு வச்சிருக்கோம். திங்கக்கிழமை எடுத்துக்கலாம். ஆனா அந்த நிறம், மேடம்...

— என்ன நிறம்?

— தங்க மணல்னு பேரு.

— உறை வெலகியிருந்துது, நான் பாத்தேன். காமாலை வந்த கண்ணு நிறம். இவ அந்த நிறத்துல ஒரு பக்கெட்கூட வீட்டுக்குள்ள விட மாட்டா.

— அதையே எழுதிக்குங்கம்மா.

— விளையாடறியா?

— நீங்க போய் ஃபாரத்த எடுத்து வையுங்கம்மா. நாங்க ரெண்டு நிமிஷத்துல வரோம்.

— சரி மேடம். யார் பேருல போடட்டும்?

— அவர் பேருல.

— அம்மா, நில்லுங்க, அம்மா... போயிட்டாங்க. என்ன ஆச்சு உனக்கு? லைசென்ஸ் இல்லாதவன் பேருல வண்டியா? அதுவும் அந்த நிறத்துல?

— வாங்கிடலாம் லைசென்ஸ்.

— சரி, நான் ஒத்துக்கறேன். மாத்தணுமா, மாத்துவோம். எனக்கும் இது புடிச்சுத்தான் இருக்கு, பொய் சொல்லல. ஆனா சிவப்பே சொல்லிடுவோம். அஞ்சு மாசந்தானே? அதுவரைக்கும் செவப்பி உன்கிட்ட இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்த வளைவெல்லாம் ஆசை தீர ஓட்டு. நானும் வரேன், பால் வாங்கல்லன்னா ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். அஞ்சு மாசம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்.

— ஓடிடும்ங்க.

— அப்புறம் என்ன அவசரம்?

— வியாழக்கிழமை ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கப் போனேன்ல.

— எல்லாம் சரியா இருக்குன்னியே.

— நீங்க அப்ப சாப்புட்டுக்கிட்டு இருந்தீங்க.

— என்ன பேச்சு இது? அந்தப் பேப்பரக் குடு. நான் படிச்சுப் பாக்கறேன்.

— நான் படிச்சுட்டேன். டாக்டர்கிட்டயும் உக்காந்து ரெண்டு தடவ கேட்டுட்டேன்.

— என்ன சொன்னார்?

— அஞ்சு மாசம்கூடச் சொல்லலீங்க. திங்கக்கிழமையே வண்டி வரட்டும். நான் பக்கத்துல உக்காந்திருக்கறப்பவே நீங்க ரோட்டுக்கு வந்துடணும்.