நிமிடத்துக்கு மூன்று அலை

எனக்கு வயிற்றுக் கோளாறு வந்ததே இல்லை. காலையில் நாசி லெமாக், மதியம் வாழையிலைச் சாப்பாடு, சாயங்காலம் ரொட்டி சானாய், எதைப் போட்டாலும் ஜீரணமாகிவிடும். பெருமைக்காகச் சொல்லவில்லை, ஐயா. உங்கள் விசாரணைக்குத் தேவைப்படும் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

பெயர் ரூபேந்திரன். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வயிற்று நோய் கிளினிக்கில் கம்ப்யூட்டர் வேலை. இதயத்துக்கு இருப்பதுபோல வயிற்றுக்கும் மின்சாரம் உண்டு. நிமிடத்துக்கு மூன்று அலை. சாப்பிட்டதும் அலை பெரிதாகும். ஒயர் பொருத்திய சின்னப் பட்டைகளை வயிற்றில் ஒட்டி, சாப்பாட்டுக்கு முன் அரை மணி, பின் அரை மணி பதிவு செய்வோம். அந்தக் கோடுகளைப் படிக்க மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு நிரல் எழுதினேன். டாக்டர் ஷாமளா அதை என்னைவிட அதிகமாக நம்பினார். நம்பிக்கை நல்ல குணம்.

ஜனவரியில் நிரலைச் சோதித்துப் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து விருந்தாளிகள் வருவதாக இருந்தது. நாற்பது நோயாளிகளின் பதிவுகளை டாக்டர் கண்ணால் படிப்பார், நிரலும் படிக்கும். இரண்டும் ஒத்துப்போனால் நிரல் நாடு முழுக்கப் போகும். முப்பத்தொன்பது பதிவுகள் நல்லபடியாக இருந்தன. நாற்பதாவது செல்வராணி.

ஐம்பத்தாறு வயது. லாபிஸிலிருந்து ரயிலேறி வருவார். எதைச் சாப்பிட்டாலும் இரண்டு மணி நேரத்தில் வாந்தி. அவருடைய அலைகள் தறிகெட்டு ஓடின. நிமிடத்துக்கு ஏழு, பிறகு ஒன்று, பிறகு ஒன்றுமே இல்லை. பார்த்தாலே நோய் என்று தெரியும். நிரல் மட்டும் ‘இயல்பு’ என்றது.

நிரலைத் திருத்தலாம், மாதக்கணக்காகும். பதிவைத் திருத்துவது சுலபம். விருந்தாளிகள் வியாழக்கிழமையே வருகிறார்கள்.

செல்வராணி அன்று எனக்கு ஒத்தாக்-ஒத்தாக் கொண்டுவந்திருந்தார். ஓலையில் சுற்றிச் சுட்ட மீன். மூவாரில் இருக்கும் தங்கை கொடுத்துவிட்டாராம். “எனக்குத்தான் உள்ள நிக்க மாட்டேங்குது. நீங்களாவது சாப்பிடுங்க தம்பி” என்றார். அவர் ரயிலுக்குக் கிளம்பிய பிறகு பட்டைகளை என் வயிற்றில் ஒட்டிக்கொண்டு அரை மணி படுத்திருந்தேன். பிறகு மீனைச் சாப்பிட்டேன். காரம் அளவாக இருந்தது. அலை அழகாக எழுந்தது. அதை அவர் பெயரில் சேமித்தேன்.

வியாழக்கிழமை நாற்பதுக்கு நாற்பது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். ஒருவர் திரையில் ஓடிய என் வயிற்றைச் செல்வராணியின் வயிறு என்று நினைத்துப் படம்கூட எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் செல்வராணியும் கணவர் சின்னத்தம்பியும் முடிவு கேட்க வந்தார்கள்.

“வயிறு நல்லா வேலை செய்யுதும்மா. மனசுல ஏதாச்சும் கவலை இருக்கா?” என்றார் டாக்டர்.

“கேட்டியா? கம்ப்யூட்டரே சொல்லிடுச்சி” என்றார் சின்னத்தம்பி. “வீட்டுல ஒரே நடிப்பு டாக்டர்.”

செல்வராணி என் பக்கம் திரும்பினார். “தம்பி, மெஷின் தப்பா சொல்லாதா?”

“சொல்லாது ஆண்ட்டி.” மரியாதையாகத்தான் சொன்னேன்.

பிப்ரவரியில் மறுபடி வந்தார். அப்போதாவது உண்மையான பதிவைக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். ஒரே மாதத்தில் ஒருவருக்கு வயிறு மாறினால் டாக்டர் பழைய பதிவைத் தோண்டமாட்டாரா? ஆகவே என் வயிற்றையே திரும்பவும் கொடுத்தேன். டாக்டர் மனநோய்க்கு மாத்திரை எழுதினார். அதையும் செல்வராணி வாந்தியெடுத்தாராம்.

ஆனால் நான் பொறுப்பில்லாதவன் அல்ல. அவருடைய நிஜப் பதிவுகளை அழிக்கவில்லை. அவற்றை நோய்க்கு உதாரணமாகக் காட்டி நிரலுக்குக் கற்றுக்கொடுத்தேன். மார்ச் முடிவதற்குள் அப்படிப்பட்ட அலையைக் கண்டதும் பிடிக்கப் பழகிவிட்டது. மூன்று நோயாளிகள் அதனால் நேரத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தார்கள். ஒருவர் கேக் கொண்டுவந்தார். செல்வராணியின் பெயரை மட்டும் அந்த உதாரணங்களிலிருந்து நீக்கியிருந்தேன். நோயாளியின் அந்தரங்கத்தை நாம் மதிக்க வேண்டும் இல்லையா?

ஏப்ரலில் மூன்றாம் முறை வந்தபோது முப்பத்தாறு கிலோ. விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்ததால் பட்டை ஒட்டவில்லை. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“வலிக்குதா ஆண்ட்டி?”

“இல்ல தம்பி. நான் நடிக்கலைன்னு டாக்டர்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க லா. நீங்க சொன்னா கேப்பாங்க.”

சொல்கிறேன் என்றேன். அன்று மதியமும் என் வயிறு நன்றாகவே வேலை செய்தது.

மே மாதம் இறந்துபோனார். வாந்தியில் உடம்பின் உப்பெல்லாம் போய் இதயம் நின்றுவிட்டதாம். மகள் மலர் வந்து பதிவுகளைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றின் மூலையிலும் எடுத்த நேரம் அச்சாகியிருக்கும். அம்மாவின் ரயில் டிக்கெட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “அம்மா ரயில்ல போய்க்கிட்டு இருக்காங்க. அவங்க வயிறு மட்டும் இங்க எப்படி இருந்துச்சி?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நான் மறுக்கவில்லை. டாக்டர் ஷாமளா அழுதார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

இந்த நிரலைத் தடைசெய்ய வேண்டுமென்று மலர் மனு கொடுத்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அது அநியாயம், ஐயா. ஏப்ரலில் அவர் அம்மாவின் நிஜப் பதிவையும் நிரலிடம் கொடுத்துப் பார்த்தேன். திரை முழுக்கச் சிவப்பு. ‘உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கவும்’ என்று வந்தது. இரண்டு முறை படித்தேன். செல்வராணி வெளியே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். திரையை மூடினேன், அவரை ரயிலுக்கு அனுப்பினேன், சாப்பிட உட்கார்ந்தேன்.

நிரல் அன்று ஒரு பிழையும் செய்யவில்லை. அதை எழுதியவன் நான்தான் என்பதையும் தயவுசெய்து சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.