கப்பலின் கருங்கயிறு

உங்கள் ஸ்டேஷன் கதவு நல்ல வேங்கை மரம்தான் சார், கீலைத்தான் தப்பான உயரத்தில் அடித்துவிட்டார்கள். மழைக்காலத்தில் அடியில் இடிக்கும். ஒரு மணி நேரம் கொடுத்தால் நானே சரிசெய்து தருவேன். சரி, எழுதுங்கள். நிதானமாகவே சொல்கிறேன்.

பெயர் தீனதயாளன். வயது ஐம்பத்திரண்டு. நைனார்பாளையத்தில் மரச்சிற்பப் பட்டறை வைத்திருக்கிறேன். கோயில் வாகனம், கதவு எல்லாம் செய்வேன். நான்கு வருடமாகப் பழைய பாய்மரப் போர்க்கப்பல் மாதிரிகளும் செய்கிறேன். புதுச்சேரியில் ஓட்டல் வைத்திருக்கும் அறிவுச்செல்வன்தான் வாங்குகிறவர். கடைசியாக அவர் கேட்டது, இருநூற்று நாற்பது வருடத்துக்கு முன் கடலூர்க் கடலில் இங்கிலீஷ்காரனோடு மோதிய ஒரு பிரெஞ்சுக் கப்பல். எழுபத்து நான்கு பீரங்கி. கம்ப்யூட்டரில் எடுத்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, தேக்கில் மூன்றடி நீளத்துக்குச் செய்தேன்.

கப்பலின் உடம்பு முழுக்க நான் செய்தது. பலகை ஒவ்வொன்றும் தீக்குச்சி கனம்தான் இருக்கும். வெந்நீரில் ஊறப்போட்டு, வளைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். பதினோரு மாதம் ஆயிற்று. கயிறு மட்டும் எல்லாக் கப்பலுக்கும் என் மனைவி ஜெயசுதாதான் கட்டுவாள்.

அவள் உளுந்தூர்பேட்டைக்காரி. அவள் அப்பாவுக்கு அங்கே பஸ் ஸ்டாண்டில் பூக்கடை. டிவி பார்த்துக்கொண்டே பத்து முழம் கட்டிவிடுகிற விரல்கள். முதல் கப்பலில் என் விரலுக்கு முடிச்சு சிக்கவில்லை என்று நான்தான் அவளைக் கூப்பிட்டேன். அரைமணியில் பாய்மரத்து நூலேணியை முடித்துவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு வந்தவர்கள் எல்லோரும் கயிற்றைத்தான் பார்த்தார்கள். மாதக்கணக்கில் நான் ஒட்டிய பலகையை யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அறிவுச்செல்வன் பட்டறைக்கு வந்தால் என்னைத் தாண்டிப் போய், "மேடம் இருக்காங்களா?" என்பார். போன தை மாதம் அவளிடமே நேராகக் கேட்டார். ஓட்டலில் மூன்று பெரிய கப்பல்கள் இருக்கின்றன, ஆறு மாதம் வந்து தங்கிக் கட்டிக் கொடுங்கள், பித்தளைத் தகட்டில் உங்கள் பெயரைப் போடுகிறேன் என்றார். கட்டை வேலைக்கு வேறு ஆள் இருக்கிறதாம். நான் அங்கேதான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் என்னிடம் அனுமதி கேட்டாள். "போய்ட்டு வரட்டுங்களா? உங்களுக்குப் புடிக்கலன்னா வேணாங்க." நான் போ என்றுதான் சொன்னேன். வேண்டாம் என்றிருந்தால் நின்றிருப்பாள் சார், அப்படிப்பட்டவள்தான். ஆனால் ஊர் என்னைப் பொறாமைக்காரன் என்று பேசும். அந்தப் பேச்சு எனக்கு ஆகாது. அவள் ஒரு புதுப் பெட்டி வாங்கிவந்து அதில் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

கப்பலில் இரண்டு வகைக் கயிறு உண்டு. பாயை ஏற்றி இறக்குகிற கயிறு வெளிறிய நிறம். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற கயிறு கருப்பு, அந்தக் காலத்தில் அதற்குத் தார் பூசுவார்கள். நாங்கள் கடைச் சாயத்தில் நூலை முக்கிக் காயப்போடுவோம், வெளுத்துப்போகும். இந்த முறை அசல் கருப்பாக இருக்கட்டும் என்று கல்வராயன் மலைக்குப் போனேன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் மாதன் என்று ஒருவர், கடுக்காய், புளி விற்கிறவர். அவரிடம் சேங்கொட்டை வாங்கினேன். அந்தக் காலத்தில் சலவைக்காரர்கள் துணியில் குறி போட்ட கொட்டை. அதன் பால் நூலில் ஏறினால் எத்தனை துவைத்தாலும் போகாது.

மாதன் கொட்டையைத் துணியில் முடிந்து கொடுத்துவிட்டு, "கையில நல்லெண்ணெய் தடவிக்கினு தொடுங்க ஆசாரி. வெறுங்கையில பட்டா தோல உரிச்சிடும். கண்ணுல பட்டா கண்ணே போயிடும்," என்றார். இரண்டு தடவை சொன்னார். நான் தலையாட்டினேன்.

அவர் சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. என் தொடையில் கடுகளவு வைத்துப் பார்த்தேன். முதல் நாள் லேசான அரிப்புதான். இரண்டாம் நாள் கொப்புளம், மூன்றாம் நாள் நீர் வடிந்து சதை தெரிந்தது. எரிச்சலில் எனக்குத் தூக்கமே இல்லை. அந்த வலி எப்படிப்பட்டது என்று தெரியாமல் நான் எதையும் செய்யவில்லை.

பாலைப் பிழிந்து கிண்ணத்தில் ஊற்றி அவளிடம் கொடுத்தேன். மலையிலிருந்து வந்த சாயம், பிரஷ்ஷில் ஏறாது, விரலால் உருவ வேண்டும் என்றேன். கையுறை போடட்டுமா என்று கேட்டாள். போட்டால் நூலின் சுருக்கு விரலுக்குத் தெரியாது என்றேன். அது உண்மைதான், வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அன்று சாயந்திரமே இலேசாக எரிகிறது என்றாள். சாயம் என்றால் அப்படித்தான் இருக்கும், கட்டி முடித்துவிட்டால் நீ நிம்மதியாகப் புதுச்சேரிக்குக் கிளம்பலாம் என்றேன். மறுநாளும் உட்கார்ந்தாள். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேர்த்தியாக அவள் அதற்கு முன் கட்டியதே இல்லை. நடுவில் ஒரு தடவை புறங்கையால் இடது கண்ணைத் துடைத்தாள். கண்ணில் படவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கையைத்தான் நினைத்தேன்.

அப்புறம் ஆஸ்பத்திரி, நாற்பது நாள். என்ன பட்டது என்று டாக்டர் கேட்டார், கடைச் சாயம் என்றேன். விரல்கள் உள்பக்கமாக மடங்கி ஒட்டிவிட்டன. இடது கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது. பாதி வேலையில் படுத்துவிட்டேனே, உங்கள் பேர் கெட்டுவிடுமே என்று அவள்தான் அழுதாள். நான் தேற்றினேன். அன்றிலிருந்து சோறு ஊட்டுவது, தலை வாருவது, புடவை கட்டிவிடுவது எல்லாம் நான். புதுப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். கல்யாணமாகி இந்தப் பத்தொன்பது வருடத்தில் நாங்கள் அவ்வளவு ஒட்டுறவாக இருந்ததில்லை.

போன வாரம் மாதன் புளி விற்க வந்தவர், அப்படியே பட்டறைக்கும் வந்தார். அவள் கையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். "சேங்கொட்டைப் பாலா? எண்ணெய் தடவிக்கச் சொன்னனே ஆசாரி, வூட்ல சொல்லலியா?"

நான் உளியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சேதான் குடுத்தியா?" என்றாள்.

'குடுத்தீங்களா' என்று கேட்கவில்லை. அவள் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. வெளியாள் முன்னால் வேறு. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

ஆமாம், தெரிந்தேதான் கொடுத்தேன். அவள் கை போகவேண்டும் என்றுதான் கொடுத்தேன். எழுதியாயிற்றா?

காலையில் அவள் இங்கே புகார் கொடுக்க வந்தபோது நீங்களும் இருந்தீர்கள், நானும் அவள் பின்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பேனா பிடிக்க வரவில்லை. ஏட்டையா மூன்று தடவை மையில் ஒற்றிப் பார்த்தார், கட்டைவிரலில் ரேகையே இல்லை, வெறும் கறைதான் விழுந்தது. பாவம், தடுமாறுகிறாளே என்று நான்தான் எழுந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தப் பார்த்தேன். இத்தனை பேர் முன்னால் என் கையை உதறிவிட்டாள். நான் அவளுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை சார்.