எட்டும் எழுபத்தேழும்

வெள்ளறடை போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"எனக்க வீடு வடதுருவத்துக்குப் பக்கத்திலயாக்கும்."

"என்ன சாரே?"

"மகளைப் பெண்ணு பாக்க வாறவங்க மேப்பு அனுப்பச் சொன்னாவ. நான் பூகோள வாத்தியாராச்சே! அட்சரேகை, தீர்க்கரேகைன்னு ரெண்டு எண்ணை எழுதி அனுப்பினேன். நம்ம ஊருக்கு எட்டை முதல்ல போடணும், எழுபத்தேழைப் போட்டுட்டேன். அவங்க போன்ல தேடினா பனிக்கடலு!"

"பெறவு எப்படி வந்தாவ?"

"ஜங்ஷன்ல கேட்டு ஆட்டோவில வந்தாவ. ஓட்டினவன் எனக்க பழைய மாணவன்; வழியில அவங்க சொல்லி விஷயம் அறிஞ்சிருக்கான். இதே ரெண்டையும் மாத்தி எழுதினதுக்கு, பள்ளிக்கூடத்துல அவனுக்கு நான் முட்டை போட்டிருக்கேன்."

"அய்யோ!"

"வந்தவங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி, ‘ஆட்டோக்கூலி வேண்டாம் சாரே, அந்த மார்க்கைத் தாரும்’னான்."

"குடுத்தீரா?"

"குடுத்தேன். முட்டை இப்ப எனக்காக்கும்."