சங்கு ஊதுனா இன்னா செய்யணும்

இல்ல சார், சாவி தர மாட்டேன். மேலிடத்துலருந்து யார வேணா கூட்டிகினு வா, தர மாட்டேன். நீ மொதல்ல குந்து. அந்த சேர் வேணாம், தண்ணில ஊறி கால் ஆடுது. இதுல குந்து.

என் பேரு வேம்புலி. பாடில ஒரு ஃபேக்டரில இருவத்தாறு வருசம் வாட்ச்மேன். ஷிப்டுக்கு சங்கு ஊதுனது நான்தான், ஒரு நிமிசம் முன்ன பின்ன ஆனதில்ல. அதனாலதான் போன வருசம் ஒங்க ஆளுங்க வந்து, நம்ம நகர் சங்கத்து மாடில இந்தச் சங்க வச்சி, சுச்சுப் பொட்டி சாவிய என் கைல குடுத்தாங்கோ. பட்டாபிராம்ல மிலிட்டரி சரக்கு ரயிலு நிக்கிற சைடிங் கீது, ஆவடில டாங்கி செய்றாங்கோ, சண்ட வந்தா எதிரி மொத குண்ட இங்கதான் போடுவான்னாங்கோ. சரின்னோம்.

மூணு நாளு ஒத்திக. சங்கு ஊதுனா லைட்ட அணை. கதவ தாப்பா போடு. காதுல பஞ்சு வச்சிகினு கட்டிலுக்கு அடில படு. மறுபடி ஊதற வரைக்கும் வெளிய வராத. மொத நாளு பாதிப் பேரு வேடிக்க பாக்க தெருவுக்கு வந்துட்டாங்கோ. ஐடில வேல பாக்குற ஸ்வாதிப் பொண்ணு நடு ரோட்டுல நின்னு வீடியோ எடுக்குது. ஒங்க ஆபீசரு காச்சு காச்சுன்னு காச்சிட்டாரு. மூணாவது நாளு தெருவுல ஈ காக்கா இல்ல. சர்டிபிகேட் குடுத்தாரு. தோ, செவுத்துல மாட்டிகீது பாரு. அதுக்கு மேல ஒரு சாண் ஒசரத்துல கோடு தெரியுதா? தண்ணி நின்ன கோடு அது.

கார்த்திக மாசம், வெளக்கு வைக்கிற நேரம். புயல் மழ. மீன்பாடி வண்டி ஓட்ற அழகேசன் ஓடியாந்து, ஏரிக்கர ஒடஞ்சிடுச்சி, தண்ணி வருதுங்கறான். கைல சாவி கீது, மேல சங்கு கீது. நான் இன்னா சார் பண்ணுவேன்? ஊதுனேன்.

ஒவ்வொரு ஊடா லைட்டு அணையுது.

புரியுதா ஒனக்கு? தாப்பா போடுற சத்தம் மாடி வரைக்கும் கேக்குது. மறுபடி ஊதலாம்னா கரண்டு பூட்ச்சி. மாடிக்கு ஏறுங்கோ, ஏறுங்கோன்னு தொண்ட கிழிய கத்துறேன். ஒருத்தருக்கும் கேக்கல. தண்ணி உள்ள பூந்தப்புறம்தான் பதறிகினு ஏறுனாங்கோ. எங்க வரிசதான் பள்ளம். இங்க எல்லாருக்கும் நேரம் கெடைக்கல.

இப்ப நீ வந்துகீற. சண்ட, புயலு, வெயிலு எல்லாத்துக்கும் சேத்து வட்டாரப் பாதுகாப்புத் திட்டம்னு இம்மாம் பெரிய புக்கு. எத்தினி பக்கம்? எழுவதா? தண்ணி வந்தா எப்டி ஊதணும்னு எந்தப் பக்கத்துல கீது, காட்டு. பொறுமையா தேடு.

இன்னாது, தண்ணி வேற டிபார்ட்மென்ட்டா? குண்டுக்கு ஒரு ஆபீசு, தண்ணிக்கு ஒரு ஆபீசு. ரெண்டும் வர்றது ஒரே ஊட்டுக்குத்தான நைனா?

என்ன சமாதானம் பண்ணாத. எட்டாவது படிச்சவன் எனக்கே தெரியுது. குண்டுக்கு ஏத்தி எறக்கி ஊது, ஜனம் படுக்கட்டும். தண்ணிக்கு வுட்டு வுட்டு ஊது, ஜனம் ஏறட்டும். ரெண்டுக்கும் தனித்தனியா ஒத்திக நடத்து. கரண்டு போனா கையால சுத்துற சங்கு ஒன்னு குடு. அத்த இந்த புக்குல எய்தி, கையெழுத்து வாங்கிகினு வா, அன்னிக்கே சாவி தரேன். அது வரைக்கும் என் அர்ணாக்கவுத்துலதான் தொங்கும்.

இது இன்னா, தொண்டர் லிஸ்ட்டா? குடு. போன வருசத்து பேரையே எய்திகினு வந்துட்ட. அழகேசன், சரி. ரேணுகா, சரி. நாலாவது பேர அடிச்சிடு. கன்னியம்மா, கணவர் பேரு வேம்புலி. ஆமா, இதே வேம்புலிதான். ஒத்திகைல ஊடு ஊடா போயி எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தது அதான். சொல்லிக்குடுத்தத ஒன்னு வுடாம தானும் செஞ்சிச்சி. கட்டிலுக்கு அடிலருந்து எடுக்கும்போது, காதுல பஞ்சு வச்சது வச்சபடி இருந்திச்சி.