மயில்சாமி நினைவு இலவச மருத்துவமனை

ஸ்டேஷன் டீ என்றால் வெறும் சுடுதண்ணீர் என்று ஊரில் கேலி பேசுவார்கள். இது நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். உங்கள் தலைக்கு மேல் ஓடுகிற மின்விசிறியை நிறுத்திப் பார்த்தால் என் பெயர் தெரியும். 'சிரிப்பு செல்லமுத்து உபயம்.' மூன்று இறக்கையிலும் எழுதச் சொன்னேன். ஓடும்போது ஒன்றைக்கூடப் படிக்க முடியாது என்பது கொடுத்த பிறகுதான் தோன்றியது. அன்றிலிருந்து அசையாமல் நிற்கிற பொருளாகப் பார்த்துத்தான் தர்மம் செய்வது.

சௌந்திரம் கொடுத்த புகாரைப் படித்தேன். எழுத்துப்பிழை நிறைய இருக்கிறது, பொய் எதுவும் இல்லை. ஆகவே வக்கீல் வரும்வரை காத்திருக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். காரணத்தை விட்டுவிட்டுக் காரியத்தை மட்டும் எழுதிக்கொண்டால் படிக்கிறவர்களுக்கு என்மேல் தப்பான அபிப்பிராயம் வந்துவிடும்.

நாடகத்தில் நான் பபூன். சௌந்திரத்தின் புருஷன் மயில்சாமி ஆர்மோனியம். நாடகம் தொடங்கும் முன் பபூன் தனியாக மேடைக்கு வந்து கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேண்டும். தனியாக என்று பெயர்தான். ஓரத்தில் ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் கேள்வி கேட்பான், பபூன் பதில் சொல்வான். சிரிப்பு பபூனுக்கு, திட்டும் குட்டும் ஆர்மோனியத்துக்கு. அதுதான் முறை.

கேள்விகளை மயில்சாமி யோசித்துக்கொண்டு வருவான். பதில்களையும் அவனே யோசித்துவிடுவான். பஸ்ஸில் வரும்போது என் காதில் போடுவான். சரக்கு முழுக்க அவனுடையது என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். சரக்கு யாருடையதாக இருந்தால் என்ன? ஊர் ஊராக ஓடுகிற லாரியில் எவன் பெயர் எழுதியிருக்கிறதோ அவனைத்தானே முதலாளி என்கிறோம்?

எழுபதுகளில் எங்கள் இசைத்தட்டு ஒலிக்காத கல்யாண வீடு சேலம் ஜில்லாவில் கிடையாது. தட்டின் உறையில் என் படம் மட்டும் இருந்தது. ஆர்மோனியத்தையும் சேர்த்துப் படம் பிடித்தால் என் முகம் சின்னதாகிவிடுகிறது என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். அந்தப் பெயரை வைத்து வாழப்பாடிப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை எடுத்தேன். 'சிரிப்பு மார்க்.' ஒவ்வொரு மூட்டையிலும் நான் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பேன். பம்பாயிலும் கல்கத்தாவிலும் என் தமிழ் யாருக்கும் புரியாது, பல் புரிந்தது. ஆலை இரண்டாயிற்று. பிறகு லாரி. பிறகு நாமக்கல்லில் கோழிப்பண்ணை.

மயில்சாமிக்கு ஆலையில் மேஸ்திரி வேலை தருவதாகச் சொன்னேன்.

"மூஞ்சியெல்லாம் மாவு பூசிக்கறதுக்கு மேடையிலயே அரிதாரம் இருக்குதல்லோ மாப்ளே?" என்று சொல்லிவிட்டான். அவனுக்கு முன்னேற்றத்தில் அக்கறை இல்லை.

நான் முன்னேறிய அதே வருடங்களில் எல்லா முதலாளிகளும் வள்ளல் ஆகிக்கொண்டிருந்தார்கள். கொடுக்கிற ஆள் பெருகி, வாங்குகிற ஆளைத் தேட வேண்டியிருந்தது. கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதி எழுதி, சாமி இருட்டில் நின்றது. நான் கொடுத்த மின்விசிறியும் தண்ணீர்த் தொட்டியும் யார் கண்ணுக்கும் படவில்லை. 'கொடை வள்ளல்' என்று ஒரு சுவரொட்டியில்கூட வரவில்லை. என்னைப் பார்த்தவுடன் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

எண்பத்தொன்று மாசியில் மயில்சாமிக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. சேலத்தில் பெரிய டாக்டர், வைகாசி தாண்டாது என்று கையை விரித்தார். வைத்தியச் செலவுக்காக வாழப்பாடியில் ஒரு நிகழ்ச்சி போட்டேன். ஆர்மோனியம் இல்லாத மேடையில் எனக்கு ஒன்றும் வரவில்லை. கேள்வி கேட்க ஆளில்லாமல் பதிலை எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அழுதேன்.

அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டேன். சிரித்தவர்கள் கைதட்டிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். அழுதவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு மேடைக்கு வருகிறார்கள். ஒரு அம்மாள் காதுத் தோட்டைக் கழற்றி என் கையில் வைத்து, "நீங்க வள்ளலுங்க" என்றார். கொடுத்தது அவர். பட்டம் எனக்கு.

மயில்சாமி பெயரில் ஏழைகளுக்கு ஒரு இலவச மருத்துவமனை என்று அந்த மேடையிலேயே அறிவித்தேன். ஊர் ஊராகப் போய் அழுதேன். லாரிக்காரர் ஒருவர் நாமக்கல் ரோட்டில் நிலம் கொடுத்தார். தறிக்காரர்கள் போர்வை கொடுத்தார்கள். கட்டில் கொடுத்தவர்கள் தலைமாட்டில் தங்கள் பெயரை எழுதச் சொன்னார்கள், எழுதினோம். ஆவணியில் திறந்து வைக்க மந்திரி தேதி கொடுத்தார். கல்வெட்டை நாமக்கல்லில் கல் வேலை செய்கிற சின்னுசாமியிடம் கொடுத்தேன். நல்ல கருங்கல், முகம் பார்க்கலாம். மேலே 'கொடை வள்ளல் சிரிப்பு செல்லமுத்து'. அடியில் 'ஆருயிர் நண்பர் மயில்சாமி நினைவாக'. இடம் போதாததால் அவன் பெயர் கொஞ்சம் பொடியாக விழுந்துவிட்டது. ஆனி பிறந்ததும் கல் வந்தது. நல்ல வேலை சரியான நேரத்தில் முடிவது அபூர்வம் என்று சின்னுசாமியைப் பாராட்டினேன்.

மயில்சாமி மட்டும் முடியவில்லை.

டாக்டர் கைவிட்ட ஆளுக்குச் சௌந்திரம் தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறாள். ஆனிக் கடைசியில் எழுந்து உட்கார்ந்து கோழிக் குழம்பு கேட்டான். எனக்குச் சந்தோஷம்தான். அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

தன் பெயரில் எழும்பிய கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டான். நேராகக் கல்லுக்கு முன்னால் போய் நின்றான்.

"ஏண்டா மாப்ளே, இந்த மயில்சாமி ஆரு?"

"நீதான்."

"நெனவுன்னு போட்டிருக்குது?"

"டாக்டர் சொன்னாரு."

"டாக்டர் சொன்னாச் செத்துப்போயரோணுமா? செரி உடு. அந்த ஒரு வார்த்தையக் கொத்தி எடுத்துப்போடச் சொல்லு."

வழவழப்பான கருங்கல்லில் நடுவே கொத்தினால் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும் என்று விளக்கினேன். தவிர, இருக்கிற ஆளுக்கு யார் கட்டில் கொடுப்பார்கள்? திறப்பு விழா முடியும்வரை தம்மம்பட்டியில் என் சொந்தக்காரர் தோட்டத்தில் போய் இரு, வெளியில் தலை காட்டாதே என்று கேட்டுக்கொண்டேன்.

"செத்தவனாட்ட இருக்கச் சொல்றயா? அப்பறம் நானு டீக்கடைக்கு எப்படிப் போறது?"

"இருட்டுனதுக்கு அப்பறம் போ."

"பேயி போற நேரமாப் பாத்தா?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று என் தோளைப் பிடித்தான். அந்தப் பிடி எனக்குத் தெரியும். பஸ்ஸில் புதிய சரக்கு தோன்றும்போது அப்படித்தான் பிடிப்பான்.

"மாப்ளே, கல்லு அப்படியே இருக்கட்டும். மந்திரி துணிய இழுக்கறப்போ நானு கூட்டத்துக்குள்ளாற இருந்து எந்திரிச்சு, 'ஏனுங்க, என்னையக் கேக்காமயே என்னையப் பொதைச்சுப்போட்டீங்களே'ன்னு கேக்கறேன். சனம் உழுந்து பொரளும் பாரு! சௌந்திரத்துக்கிட்டக்கூடச் சொல்லப் போறதில்ல."

"அதுக்கு நானென்ன பதில் சொல்லோணும்?"

"நீ ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். சும்மா நின்னு முழி, போதும்."

நல்ல நகைச்சுவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் யோசித்ததிலேயே அதுதான் உயர்ந்தது. சிரிப்பு அவனுக்கும் முழி எனக்கும் என்று பிரித்துக்கொண்டதால் நான் பொறாமைப்பட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். அது வெறும் ஊகம். நான் நினைத்துப் பார்த்தது ஏழைகளை. கொடுத்தவர்கள் ஏமாந்தோம் என்று கட்டிலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனால் நோயாளிகள் எங்கே படுப்பார்கள்? ஒரு பக்கம் இத்தனை கட்டில். ஒரு பக்கம் டாக்டரே கைவிட்ட ஒரு ஆள். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

புருஷன் பிழைத்தால் ஆடிப் பதினெட்டுக்குக் காவேரியில் முழுக வைப்பதாகச் சௌந்திரம் வேண்டியிருந்தாள். என் காரிலேயே பரமத்தி வேலூருக்கு அழைத்துப் போனேன். அதற்கு முதல் நாளும் நான் அங்கே போயிருந்தேன், அதை அவள் எழுதவில்லை, அவளுக்குத் தெரியாது. மணல் அள்ளிய பள்ளம் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு பரிசல்காரரை விசாரித்தேன். ஜனங்களின் பாதுகாப்புக்காகக் கேட்கிறேன் என்று நினைத்து, பாவம், அக்கறையாகக் காட்டினார்.

கரை கொள்ளாத கூட்டம். தேங்காய் உடைக்கிறவர்கள், மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிற பெண்கள், கலந்த சோற்றைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்த குடும்பங்கள். எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "பபூனும் ஆர்மோனியமும் வந்திருக்குதுங்கோ!" என்று யாரோ கத்தினார்கள். மயில்சாமி உயிரோடு இருப்பதைப் பார்த்து எத்தனை பேர் கும்பிட்டார்கள் தெரியுமா? ரொம்பப் பிரியமான ஜனம்.

அவனுக்கு இன்னும் காலில் பலம் வரவில்லை. என் வலது கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான். இடுப்பளவில் ஒரு முழுக்குப் போட்டான். வேண்டுதல் அதோடு தீர்ந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் தண்ணீர் தெளிவாக இருக்கும் என்றேன். எப்போதும் அவன் கேட்பான், நான் சொல்வேன். அன்றைக்கும் நான் சொன்னதை நம்பினான்.

"அண்ணா, ஒரு சிரிப்புச் சொல்லுங்கண்ணா!" என்று கரையிலிருந்து குரல் வந்தது.

அப்போது மயில்சாமிக்குப் பள்ளம் தட்டுப்பட்டது. எனக்கு நெஞ்சளவு, அவன் காலுக்கடியில் ஒன்றும் இல்லை.

"டேய், காலு எட்டலைடா. உட்றாதடா மாப்ளே."

கரை குலுங்கிச் சிரித்தது. மேடையில் அவன் பயந்து அலறுவதும் நான் நிதானமாக நிற்பதும் அவர்கள் பார்த்துப் பழகியதுதான். அவன் என் முகத்தைப் பார்த்தான். பார்த்ததில் ஏதோ புரிந்திருக்க வேண்டும். இன்னொரு கையால் தண்ணீரை அடித்து, கரையைப் பார்த்து, "ஐயோ, கொல்றானுங்கோ!" என்று கத்தினான். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. சௌந்திரமும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை நான் பார்த்தேன். இத்தனை காலமும் அவள் மருத்துவமனையில் ஆயா வேலை பார்த்துக்கொண்டு என்னைக் கும்பிட்டு வந்ததற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். போன மாதம் மகளைப் பிரசவத்துக்குச் சேர்க்க வந்த சின்னுசாமி, ஆடிக்கு முன்னால் ஆனியிலேயே அடித்துக் கொடுத்த கல் என்று அவளிடம் பெருமையாகச் சொல்லாமல் இருந்தால் இன்னமும் கும்பிட்டுக்கொண்டிருப்பாள்.

பிறகு கைதட்டல். காவேரிக்கு அந்தக் கரையிலிருந்தும் வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய கைதட்டலை நான் வாங்கியதில்லை. மேடையில் பழகியவனுக்கு ஒரு மரியாதை உண்டு, சார். ரசிகர்கள் கைதட்டினால் கும்பிட வேண்டும்.

ஒரு கையால் எப்படிக் கும்பிடுவது?